அரசு அலுவலகங்களின் ஆவணப் பராமரிப்பை ஆய்வு செய்யும் முறை

அரசு அலுவலகமொன்றின் ஆவணப் பராமரிப்பை ஆய்வு செய்யச் செல்பவரை முதலில் பதிவறைக்கு அழைத்துச் செல்வதே வழக்கம். அங்கே தூசி தட்டப்பட்டிருக்கும்; கட்டுகள் புதிய நாடாவால் கட்டப்பட்டிருக்கும்; அலமாரிகளில் எண்கள் ஒட்டப்பட்டிருக்கும். ஆய்வை அங்கே தொடங்கினால் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரும். தொடங்கப்படாமலே போன கோப்பையும், தொடங்கிக் காணாமற்போன கோப்பையும் எந்த அலமாரியும் காட்டித் தராது. ஆகவே, அலுவலகம் எடுத்த முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றுக்குரிய ஆவணங்களைத் தேடிச் செல்லும் முறையையே இங்கு விளக்குகிறேன்.

புறப்படுமுன் ஆய்வுக்கான அதிகாரம் எந்தச் சட்டத்திலிருந்து வருகிறது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்தியாவின் 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், ஆவணங்களை ஆய்வு செய்வதை ஆவணக் காப்பகத் தலைமை இயக்குநரின் பணிகளுள் ஒன்றாகச் சொல்வதுடன், ஒவ்வோர் அலுவலகமும் ஓர் ஆவண அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அமெரிக்காவில் தேசிய ஆவணக் காப்பகம் நடுவண் முகமைகளை நேரில் ஆய்வு செய்வதோடு, அவை ஆண்டுதோறும் தம்மைத் தாமே மதிப்பிட்டு அனுப்பும் அறிக்கைகளையும் பெறுகிறது. இத்தகைய சுய மதிப்பீடு வந்திருந்தால் அதைப் படித்துக்கொள்ளலாம்; நம்பிவிடலாகாது. அதில் முழு மதிப்பெண் போட்டுக்கொண்ட இனங்களைத் தனியே குறித்துக்கொண்டு, நேரில் சென்றதும் அவற்றையே முதலில் சோதிப்பது நல்லது. நடப்பிலுள்ள பேணுகைக் கால அட்டவணை (எவ்வகை ஆவணத்தை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதிகள்), அழிக்கப்பட்ட ஆவணங்களின் பட்டியல்கள், பயன்பாட்டிலுள்ள மென்பொருள்களின் விவரம், முந்தைய ஆய்வுக் குறிப்பு, அதற்கு அளிக்கப்பட்ட இணக்க அறிக்கை (சுட்டிய குறைகளைச் சரிசெய்தது பற்றி அலுவலகம் தரும் பதில்) ஆகியவற்றையும் முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும். அலுவலகத்துக்குப் புதிய பணிகள் வந்து சேர்ந்த பிறகும் அட்டவணை பழையபடியே இருந்தால், அப்பணிகளின் ஆவணங்கள் எவ்விதியின்கீழும் வராமல் கிடக்கின்றன என்பது அலுவலகத்தை மிதிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

அடுத்தது மாதிரியைத் தேர்ந்தெடுப்பது. ஆய்வின் தரம் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. கோப்புப் பதிவேட்டிலிருந்து மாதிரி எடுத்தால், பதிவேட்டில் ஏறிய கோப்புகள் மட்டுமே வரும். அதற்கு மாறாக, அலுவலகத்துக்கு வெளியே தடம் பதித்த நிகழ்வுகளிலிருந்து எடுக்க வேண்டும்: கருவூலத்தில் பணம் வழங்கித் தீர்வான செலவுப் பட்டியல்கள், வெளியிடப்பட்ட ஆணைகள், கையெழுத்தான ஒப்பந்தங்கள், நீதிமன்ற வழக்குகள், தணிக்கையாளர் எழுப்பிய தடைகள், சட்டமன்றக் கேள்விகள். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு இருந்தே ஆக வேண்டும். மாதிரியின் எண்ணிக்கையைவிட அதன் பரவலே முக்கியம் என்பது என் கருத்து. முடிந்த கோப்பும் நடப்புக் கோப்பும் அதில் கலந்திருக்க வேண்டும். கலைக்கப்பட்ட அல்லது வேறொன்றுடன் இணைக்கப்பட்ட பிரிவின் கோப்புகள் கட்டாயம் இடம்பெற வேண்டும், ஏனெனில் பொறுப்பு கைமாறும் வேளையில்தான் ஆவணங்கள் அநாதையாகின்றன. மாதிரிக் கோப்புகளின் பட்டியலை முதல் நாளே அனுப்பாமல் நேரில் கொடுத்து, ஒவ்வொரு கோப்பும் மேசைக்கு வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ‘வேறு பிரிவுக்குச் சென்றுள்ளது’ என்று பதில் வந்தால், அந்தப் பிரிவு கோப்பைக் கேட்டு எழுதிய கோரிக்கைச் சீட்டைக் காட்டச் சொல்லிவிட்டு, அந்தப் பிரிவுக்கே நடந்து சென்று பார்க்க வேண்டும்.

வந்து சேர்ந்த கோப்பை நிதானமாகப் படிக்க வேண்டும். ஆவண மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 15489, நல்ல ஆவணத்துக்கு உண்மைத்தன்மை, நம்பகத்தன்மை, சிதைவின்மை, பயன்படுநிலை என நான்கு பண்புகளைச் சொல்கிறது. அவை ஒரு கோப்பில் எப்படித் தென்படும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். அலுவலர்கள் தம் கருத்தையும் முடிவையும் எழுதும் குறிப்புப் பகுதியில் ‘சட்டக் கருத்து கீழே வைக்கப்பட்டுள்ளது, பக்கம் 43’ என்று எழுதப்பட்டிருக்கிறது. கடிதங்களும் இணைப்புகளும் கோக்கப்பட்ட கடிதப் பகுதியைப் புரட்டினால் 42-க்குப் பிறகு 45 வருகிறது. அல்லது எல்லாப் பக்கங்களிலும் எண்கள் ஒரே மையில், ஒரே கையால், ஒரே நாளில் இட்டவைபோல் தெரிகின்றன. முன்னது தாள் போனதைக் காட்டுகிறது. பின்னது, ஆய்வு வருகிறதென்று கேள்விப்பட்டபின் எண் இட்டிருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்புகிறது. தேதியிடாத கையொப்பம், ‘பேசப்பட்டது’ என்பதற்குமேல் காரணம் எதுவும் சொல்லாத ஒப்புதல், வரைவு இருந்தும் அனுப்பப்பட்ட படி இல்லாத கடிதம் ஆகியவற்றையும் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ள வேண்டும். கோப்பை மட்டும் படித்து, முடிவை எடுத்தவர் யார், எப்போது, எதன் அடிப்படையில் என்று வெளியாள் ஒருவரால் சொல்ல முடியுமா என்பதே இங்கு உரைகல்.

அழிப்புப் பட்டியல்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். பிரிட்டனில் காமன்வெல்த் நாடுகளிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் கப்பலில் வந்து குடியேறியவர்களின் வருகைச் சீட்டுகள் 2010-இல் அழிக்கப்பட்டன. அவர்களில் பலர் தம் வசிப்புரிமையை மெய்ப்பிக்க முடியாமல் தவித்த செய்தி 2018-இல் பெரும் பிரச்சினையானபோது, அழிக்கும் முடிவு எந்த ஆட்சியில், எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதே நாடாளுமன்றத்தில் வாக்குவாதமாயிற்று. அழிப்புப் பட்டியலைப் பார்த்தவுடன் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க வேண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் கோப்பு எண், பொருள், முடிந்த ஆண்டு, அட்டவணையின் எந்த விதிப்படி அழிக்கப்படுகிறது என்பது, அனுமதித்தவரின் பெயரும் பதவியும், அழித்த நாள் ஆகியவை இருக்க வேண்டும். ‘பல்வகைக் கோப்புகள் – 3 மூட்டை’ என்ற ஒற்றை வரியோடு பட்டியல் முடிந்தால், அதை அழிப்புக்கான சான்றாக ஏற்கவே கூடாது. பட்டியலிலுள்ள எண்களை நிலுவை வழக்குகளோடும், தகவல் கேட்டு வந்த மனுக்களோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம். கேட்கப்பட்ட பிறகு அழிக்கப்பட்டது தெரியவந்தால் விஷயத்தின் கனமே வேறு. இந்தியச் சட்டத்தில், விதிமுறையை மீறிப் பொது ஆவணத்தை அழிப்பவருக்கு 5 ஆண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. காலம் கடந்தும் அழிக்காமல் குவித்து வைப்பதும் குறையே. தேட வேண்டியது அந்தக் குவியலுக்குள் புதைந்துபோகிறது.

மின்னணு ஆவணங்களில் பலரும் காப்பு நகல் இருப்பதையே பராமரிப்பு என்று எண்ணிவிடுகிறார்கள். காப்பு நகல், கணினி பழுதானால் மீட்டெடுக்க உதவும். எது எந்த முடிவுக்குரிய ஆவணம், எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. எனவே சில நேரடிச் சோதனைகள் தேவை. பத்தாண்டுக்கு முந்தைய மின் கோப்பு ஒன்றை அங்கேயே திறந்து காட்டச் சொல்லலாம். மென்பொருள் மாறியதால் திறக்கவில்லை என்றால் அது காணாமற்போன கோப்புக்குச் சமம். அழிக்கும் உரிமை யார் யாருக்கு உண்டு, அழித்தால் தடம் பதிவாகிறதா, அந்தத் தடப் பதிவை அதே நபரே அழிக்க முடியுமா என்பதைக் கேட்டறிய வேண்டும். ஓய்வுபெற்ற அல்லது மாறுதலாகிச் சென்ற அலுவலர் இருவர், மூவரின் மின்னஞ்சல்கள் என்னவாயின என்று விசாரிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வழங்கப்பட்ட அறிவுறுத்தல்கள் கோப்பில் ஏற்றப்படுகின்றனவா என்பதைச் சற்றே வலியுறுத்திக் கேட்க வேண்டும்; ‘அதெல்லாம் சும்மா தகவலுக்குத்தான்’ என்ற பதில் வருவது வழக்கம், ஆனால் மாதிரிக் கோப்புகளில் காரணமின்றித் திடீரென மாறிய முடிவுகள் அங்கிருந்துதான் வந்திருக்கக்கூடும்.

பதிவறையின் நிலையை இறுதியில் பார்த்தால் போதும். ஈரம், கரையான், தரையோடு ஒட்டிக் கிடக்கும் கட்டுகள், மேலே செல்லும் தண்ணீர்க் குழாய், மின்கம்பிகளின் நிலை, தீயணைப்பு ஏற்பாடு, சாவி யாரிடம் என்பவையே முக்கியம். இவற்றோடு கோப்பு வரிசைப் பட்டியலின் நகல் வேறொரு கட்டடத்தில் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் அருகே படைவீரர் பணி ஆவண மையத்தில் பற்றிய தீயில் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. அவற்றுக்கு நகலும் இல்லை, வரிசைப் பட்டியலும் இல்லை என்பதால் எவருடைய கோப்பு எரிந்தது என்பதைக்கூடத் திட்டவட்டமாகச் சொல்ல முடியாமற்போயிற்று.

ஆய்வுக் குறிப்பில் ‘பராமரிப்பு திருப்திகரமாக இல்லை’ என்பது போன்ற சொற்றொடர்களால் பயனில்லை. எந்தக் கோப்பு, எந்தப் பக்கம், எந்த விதி, என்ன குறை, யார் எந்த நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். வரைவை அலுவலகத் தலைவரிடம் காட்டி விளக்கம் பெறுவது முறை. விளக்கம் குறையை நீக்கினால் பத்தியை எடுத்துவிடலாம், நீக்காவிட்டால் விளக்கத்தையும் சேர்த்தே பதியலாம். ஆள் பற்றாக்குறை உண்மையிலேயே காரணமாயிருந்தால் அதையும் எழுத வேண்டும், இல்லையேல் பழி முழுவதும் பதிவறை எழுத்தர் தலையில் விழும். இணக்க அறிக்கை வந்ததும் அதை அப்படியே கோப்பில் சேர்த்து முடித்துவிடக் கூடாது. முன்பு குறை கண்ட கோப்புகள் எப்படியும் திருத்தப்பட்டிருக்கும் என்பதால், அதே பிரிவுகளிலிருந்து புதிய மாதிரி ஒன்றை எடுத்து, அதே நேரக் கணக்கோடு மறுபடி கேட்டுப் பார்த்த பின்னரே ஆய்வை முடித்துவைக்க வேண்டும்.