நுரையீரல் காற்றோட்ட மாதிரி: எங்கே கோட்டை விடுகிறோம்?

நுரையீரலுக்குள் காற்று ஓடுவதைக் கணினியில் கணக்கிடும்போது, மெஷ் (குழாய்களைப் பிரிக்கும் சின்னக் கட்டங்கள்) போதாது, டைம் ஸ்டெப் (கணக்கு நகரும் நேர இடைவெளி) பெரிது என்பதையெல்லாம் மென்பொருளே கத்திச் சொல்லிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். அந்தக் காலத்தில் நான் பண்ணியதையே புதிதாக வருபவர்களும் அச்சுப் பிசகாமல் பண்ணுகிறார்களே, அவற்றைப் பற்றித்தான் இது.

நுனிகளில் பூச்சிய அழுத்தம்

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. நுரையீரல் அமைப்பை அளந்த வைபெல் 1963-இல் தந்த மாதிரியில் மூச்சுக்குழாய்க்குக் கீழே 23 தலைமுறைக் கிளைகள் (குழாய்கள் ஒருமுறை இரண்டாகப் பிரிந்தால் ஒரு தலைமுறை). சாதாரண சிடி ஸ்கேனில் ஏழெட்டுத் தலைமுறை தெரிந்தாலே பெரிய விஷயம். மீதியை வெட்டிவிட்டு, எல்லா நுனியிலும் அழுத்தம் பூச்சியம் என்று போட்டால் கணக்கு சமர்த்தாக முடியும், வண்ணப்படமும் கண்ணைப் பறிக்கும். ஆனால் நுரையீரலின் எந்த மடலுக்கு (பெரும் பகுதிக்கு) எவ்வளவு காற்று என்பதை நாம் வெட்டிய இடம்தான் தீர்மானித்திருக்கும்.

அப்படியொரு படத்தோடு வந்த மாணவரிடம், வலது மேல்மடலில் ஒரு கிளையை மட்டும் ஒரு தலைமுறை மேலே வெட்டி மறுபடி ஓட்டச் சொன்னேன். அந்த மடலின் பங்கு ஏறிவிட்டது. "நோயாளி அதே ஆள்தானே சார்?" என்றார். அதேதான்! பாதை குட்டையானது, தடை குறைந்தது, அவ்வளவுதான்.

சாதாரண மூச்சில் உள்ளே போவது சுமார் அரை லிட்டர். 1 செ.மீ. நீர் அழுத்தத்துக்கு நுரையீரல் ஏறக்குறைய 0.2 லிட்டர் விரியும். ஆக, விரிக்க மட்டுமே 2.5 செ.மீ. வேண்டும். குழாய்த் தடைக்கு 1 செ.மீ. போனால் அதிகம். பெரிய பங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, சின்னதை நுணுக்கி நுணுக்கித் தீர்த்து என்ன பயன்? ஒவ்வொரு நுனியிலும் ஒரு தடையும் ஒரு விரிதிறனும் (அழுத்தத்துக்கு எவ்வளவு விரியும் என்பது) சேருங்கள். உள்மூச்சு, வெளிமூச்சு இரண்டுக்கும் ஸ்கேன் இருந்தால், ஒவ்வொரு மடலின் கன அளவும் எவ்வளவு மாறியது என்று பார்த்தே பங்கு பிரிக்கலாம். (படுக்கவைத்து எடுத்த ஸ்கேன் என்பது நினைவிருக்கட்டும்.)

குரல்வளையை வெட்டுவது

வெட்டாதீர்கள். அந்த இடுக்கில் பீறிடும் தாரைதான் மூச்சுக்குழாயில் கொந்தளிப்பைக் கிளப்புகிறது.

அலகு

மேலே சொன்ன அழுத்தங்களைப் பாஸ்கலில் போடும்போது கவனம்: 1 செ.மீ. நீர் = 98 பாஸ்கல்.

எல்லாக் கிளைக்கும் புவாசய்

புவாசய் என்பது, சீராக ஓடும் நீண்ட குழாயின் தடையை அதன் நீளம், விட்டத்திலிருந்து தரும் சூத்திரம். வினாடிக்கு அரை லிட்டர் ஓட்டத்தில் மூச்சுக்குழாயின் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா, கொந்தளிக்குமா என்று காட்டுவது) 2000-ஐத் தாண்டும்; 16-ஆம் தலைமுறையில் 1-ஐ ஒட்டி வந்துவிடும். மேலே உள்ள கிளைகள் குட்டை. ஓட்டம் பரவளைய வடிவுக்கு வருமுன் அடுத்த பிரிவு வந்துவிடும், அதனால் புவாசய் சூத்திரம் தடையைக் குறைத்தே காட்டும். அங்கே பெட்லி குழுவினரின் 1970 திருத்தத்தைப் போடுங்கள். அடியில் புவாசய் போதும்.