எஃப்டிஎல்: கெஸ்ட்ரல் கப்பலில் ஸ்கிராப்பை எதில் போடுவது?

எஃப்டிஎல் (FTL: Faster Than Light) என்ற விண்கப்பல் விளையாட்டில் கப்பல் வெடித்தவர்களிடம் காரணம் கேட்டால், கடைசியாக வந்து விழுந்த மிசைலைத்தான் கைகாட்டுவார்கள். பெரும்பாலும் தப்பு அதற்கு இரண்டு செக்டார் (வரைபடப் பகுதி) முன்பே நடந்திருக்கும். ஏதோ ஒரு கடையில் 50 ஸ்கிராப் (விளையாட்டின் பணம்) வேண்டாத பொருளுக்குப் போயிருக்கும்.

சப்செட் கேம்ஸ் 2012-இல் வெளியிட்ட விளையாட்டு இது. 2014-இல் இலவசமாக வந்த அட்வான்ஸ்ட் எடிஷன் சேர்ந்த பதிப்பை வைத்தே கீழே உள்ள கணக்குகள். உதாரணத்துக்கு எல்லோரும் முதலில் ஓட்டும் கெஸ்ட்ரல், ஏ வடிவம்.

மெனுவில் தெரியும் விலை பாதி விலை

ஆரம்பத்தில் கெஸ்ட்ரலின் ரியாக்டரில் 8 பவர் இருக்கிறது. ஷீல்டுக்கு 2, எஞ்சினுக்கு 2, ஆக்சிஜனுக்கு 1, வெப்பனுக்கு 3, மெட்பே எனும் மருத்துவ அறைக்கு 1 என்று கூட்டினால் 9 வருகிறது. முதல் நாளிலிருந்தே ஒரு பவர் கடன். மெட்பேயை அணைத்துவிட்டு, சண்டை முடிந்த பிறகு வெப்பன் பவரை இறக்கி அதில் ஆட்களைக் குணப்படுத்திக்கொள்வதுதான் வழக்கம். சண்டைக்கு நடுவே அவசரம் என்றால் ஆக்சிஜனையும் சற்று நேரம் அணைக்கலாம். காற்று மெதுவாகத்தான் குறையும். திரும்பப் போட மறக்காமல் இருந்தால் சரி.

ரியாக்டரில் 9, 10-ஆம் பவருக்குத் தலா 20 ஸ்கிராப், 11 முதல் 15 வரை தலா 25, 16 முதல் 20 வரை 30, அதற்கு மேல் 25 வரை 35. எந்த சிஸ்டத்தை உயர்த்தினாலும் அதை ஓட்டும் பவரின் விலையையும் அதன் தலையில் எழுத வேண்டும். ஷீல்டில் இதைப் போட்டுப் பார்த்தால் சங்கதி புரியும்.

ஷீல்டின் ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு லெவல் தேவை. லெவல் 3-க்கு 20, லெவல் 4-க்கு 30. ஆக இரண்டாவது அடுக்கு 50, இரண்டு பவருக்கு 40, மொத்தம் 90. மூன்றாவது அடுக்குக்கு 40-உம் 60-உம் சேர்ந்து 100, பவருக்கு 50, மொத்தம் 150. நான்காவதுக்கு 80-உம் 100-உம் சேர்ந்து 180, பவரோடு 230. நடுவில் வேறு எதற்கும் ரியாக்டரை ஏற்றியிருந்தால் இன்னும் கூடும்.

பைலட்டிங், சென்சார், கதவு மூன்றுக்கும் ரியாக்டர் பவர் வேண்டாம். அவற்றுக்கு மட்டும் மெனுவில் இருப்பதே முழு விலை. கதவை 35 ஸ்கிராப்புக்கு லெவல் 2 ஆக்கினால் தீ பரவுவது மெதுவாகும், கப்பலுக்குள் குதித்த எதிரிகள் ஒவ்வொரு கதவையும் உடைத்துக்கொண்டுதான் நகர முடியும். அந்த நேரத்தில் வெளிக்கதவுகளைத் திறந்து காற்றை வெளியேற்றிவிட்டால் மூன்று மனிதர்களை வைத்துக்கொண்டே மான்டிஸ் என்ற சண்டைக்கார இனத்தின் கூட்டத்தைச் சமாளிக்கலாம். பைலட்டிங் லெவல் 2-க்கு 20. பைலட் எழுந்து தீயணைக்கப் போனாலும் தப்பிக்கும் திறன் பூஜ்யமாகாமல் பாதி நிற்கும்.

பலர் கவனிக்காத இன்னொன்று: பவர் கொடுக்காத லெவலும் வீண் இல்லை. ஷீல்ட் லெவல் 3 தனியாக அடுக்கு எதையும் தராது. ஆனால் ஷீல்ட் அறையில் ஒரு அடி விழுந்தால் அந்தக் காலி லெவல்தான் முதலில் சேதமாகும், இருக்கும் அடுக்கு நிற்கும். 20 ஸ்கிராப்தான் கையில் இருக்கிறது, அடுத்த கடை தொலைவில் என்றால் இதைப் போட்டுவிட்டு நகரலாம்.

முதலில் ஷீல்டா, ஆயுதமா?

இதில் விளையாடுபவர்கள் இரண்டு கட்சி. “மூன்றாவது செக்டாருக்குள் இரண்டாவது அடுக்கு இல்லாமல் நுழையாதே” என்பது ஒன்று. “எதிரியின் வெப்பன் அறையை முதல் வாலியிலேயே (ஒரே நேரத்தில் விடும் குண்டுகள்) அடித்தால் ஷீல்ட் எதற்கு” என்பது மற்றொன்று. கெஸ்ட்ரலைப் பொறுத்தவரை முதல் கட்சிதான் சரி. இந்தக் கப்பலுக்கு ஆரம்பத்திலேயே பர்ஸ்ட் லேசர் 2 இருக்கிறது. 2 பவரில் 3 குண்டு, 12 விநாடி. விளையாட்டின் சிறந்த ஆயுதங்களில் ஒன்று சும்மா கிடைத்திருக்கும்போது முதல் 90 ஸ்கிராப்பை இரண்டாவது அடுக்கில் போடுவதுதான் நியாயம். பலவீனமான ஆயுதத்தோடு கிளம்பும் கப்பல்களில் இது தலைகீழாகலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் செக்டாரிலேயே கடை வந்து, அங்கே இன்னொரு பர்ஸ்ட் லேசர் 2 80 ஸ்கிராப்புக்குத் தொங்கினால் வாங்கிவிடுங்கள். ஷீல்ட் எங்கேயும் ஓடிப்போகாது, எந்த பீக்கனிலும் (வரைபடத்தில் கப்பல் நிற்கும் புள்ளி) ஏற்றலாம். நல்ல ஆயுதம் கடைக்கு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கையில் இருப்பதை எல்லாம் கடைக்கு முந்தைய பீக்கனில் கொட்டிவிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். வரைபடத்தில் கடை தெரிந்தால் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் அப்கிரேடு செய்யுங்கள்.

எஞ்சினை யாரும் பேசுவதில்லை. லெவல் 3-க்கு 15, லெவல் 4-க்கு 30 என்று மலிவுதான். லெவல் 2-இல் 10 சதவீதம், 3-இல் 15, 4-இல் 20, 5-இல் 25 சதவீதம் தப்பிக்கும் திறன். அதற்கு மேல் ஒவ்வொரு லெவலுக்கும் 3 அல்லது 4 சதவீதம்தான் கூடும், விலையோ 60, 80, 120 என்று எகிறும். பைலட்டும் எஞ்சின் ஆளும் புதியவர்கள் என்றால் ஆளுக்கு 5 சதவீதம், முழுத் தேர்ச்சி பெற்றால் 10 சேர்ப்பார்கள். அதனால் ஆட்களை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் எஞ்சினில் இருக்கட்டும், மூன்றாமவர் வெப்பனில். ஷீல்ட் நாற்காலிக்கு நான்காவது ஆள் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

குண்டுகளை எண்ணுங்கள்

ஆயுதம் வாங்கும்போது சேதத்தைப் பார்ப்பதைவிட முக்கியமான கேள்வி: ஒரே வாலியில் எத்தனை குண்டு போகும்? எதிரிக்கு 2 அடுக்கு என்றால் முதல் இரண்டு லேசர் அடுக்கைக் கழற்றும், மூன்றாவதுதான் உள்ளே இறங்கும். ஒன்று குறி தவறினால் வாலி முழுக்க வீண், ஏனென்றால் ஒரு அடுக்கு ஏறக்குறைய 2 விநாடியில் திரும்பிவிடும். 3 அடுக்கு எதிரி வந்ததும் ஒற்றை பர்ஸ்ட் லேசர் 2 வெறும் வாணவேடிக்கைதான். அதற்குள் இரண்டாவது ஆயுதம் கப்பலில் இருக்க வேண்டும்.

இரண்டு ஆயுதமும் தனித்தனியாகச் சுட்டால் இரண்டும் வீண். ஆட்டோஃபயரை அணைத்துவிடுங்கள். 10 விநாடியில் தயாராகும் பேசிக் லேசர், 12 விநாடி பர்ஸ்ட் லேசருக்காகக் காத்திருக்கட்டும். ஸ்பேஸ் பாரால் நிறுத்தி இரண்டையும் ஒரே அறைக்குக் குறிவைத்துச் சேர்த்துவிடுங்கள். முதல் இலக்கு ஏறக்குறைய எப்போதும் வெப்பன் அறை. ஹல்லை (கப்பலின் உடலை) அடிப்பது அதற்கு அப்புறம்.

பீம் வாங்கியவர்கள் செய்யும் தவறு வேறு. பீம் குறி தவறாது, ஆனால் நிற்கும் ஒவ்வொரு ஷீல்ட் அடுக்கும் அதன் சேதத்தில் ஒன்றைக் கழிக்கும். ஒரு அடுக்கு நின்றாலும் மினி பீம் பூஜ்யம். ஹால்பெர்ட் பீமின் சேதம் 2, ஒரு அடுக்கு நின்றால் 1 ஆகும். லேசர் பறந்து போக நேரம் பிடிக்கும், பீம் உடனே பாயும். அதனால் லேசரை விட்டு, கடைசி அடுக்கு விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பீமை இழுக்க வேண்டும். கோட்டை வெப்பன் அறை, ஷீல்ட் அறை உட்பட முடிந்தவரை அதிக அறைகளைத் தொடும்படி சாய்த்து இழுங்கள். தொட்ட ஒவ்வொரு அறையிலும் சேதம் விழும்.

ஃபிளாக் 1 (2 பவர், 3 துண்டு, 10 விநாடி, 65 ஸ்கிராப்) சிதறி விழுவதால் பலருக்குப் பிடிக்காது. அறையைக் குறிவைக்க அது உதவாது என்பது உண்மை. அடுக்கைக் கழற்ற மட்டும் வைத்துக்கொண்டால் அந்த விலைக்கு அதைவிட நல்லது கிடைப்பது கடினம். ஃபிளாக், பர்ஸ்ட் லேசர் 2, ஹால்பெர்ட் மூன்றும் சேர்ந்தால் 7 பவர். இந்தத் தொகுப்பு கடைசிவரை தாங்கும்.

ஆர்ட்டமிஸ் மிசைல் ஷீல்டைக் கடந்து போகும், கையில் இருப்பதோ 8 மிசைல். சாதாரணச் சண்டையில் வீணாக்காமல், ஆபத்தான எதிரி வரும்போது முதல் விநாடிகளில் வெப்பன் அறைக்கு ஒன்று கொடுங்கள். ஆயுதங்களை வரிசையாக அடுக்கும்போது முக்கியமானதை இடது ஓரம் வையுங்கள். வெப்பன் அறை அடிபட்டால் பவர் வலது ஓரத்திலிருந்துதான் போகும்.

மூன்று காலி இடம்

ஒரு கப்பலில் 8 சிஸ்டம்தான் நிற்கும். கெஸ்ட்ரலில் ஐந்து ஏற்கெனவே உள்ளன. ஆக இன்னும் மூன்றுக்கு மட்டுமே இடம். பேக்கப் பேட்டரி இந்தக் கணக்கில் வராது.

ஹேக்கிங் (80 ஸ்கிராப்) தான் முதல் தேர்வு என்பது தேர்ந்த ஆட்டக்காரர்களில் பலரின் கருத்து. மறுக்கக் காரணம் தெரியவில்லை. அதன் ட்ரோன் எதிரியின் ஷீல்டில் ஒட்டினால் அடுக்குகள் கரையும், அந்த நேரத்தில் வாலி விட வேண்டும். வெப்பனில் ஒட்டினால் அவர்களுடைய சார்ஜ் பின்னோக்கிப் போகும். லெவல் 1-இல் 4 விநாடி, 2-இல் 7, 3-இல் 10. ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு ட்ரோன் பார்ட் செலவு, எனவே கடையில் பார்ட் வாங்குவதையும் பட்ஜெட்டில் சேருங்கள். எதிரியிடம் டிஃபென்ஸ் ட்ரோன் இருந்தால் வழியிலேயே சுட்டுவிடும்.

கிளோக்கிங் (கப்பலை மறைக்கும் சிஸ்டம்) 150. விலையைப் பார்த்து ஒதுக்குபவர்கள் இந்தக் கூட்டலைப் போடட்டும்: எஞ்சின் லெவல் 4-க்கு 20, முழுத் தேர்ச்சி பெற்ற இருவருக்கு 20, கிளோக் 60. சரியாக 100 சதவீதம். அந்த 5 விநாடியில் மிசைலும் லேசரும் ஒன்றுகூடப் படாது, எதிரியின் ஆயுதம் சார்ஜும் ஆகாது. பீம் மட்டும் படும். குண்டுகள் கிளம்பிய பிறகு, கப்பலைத் தொடுவதற்கு முன் அழுத்த வேண்டும். சார்ஜ் ஆகும்போதே அழுத்தினால் பாதிப் பயன்தான். கிளோக்கில் இருந்தபடி நீங்கள் சுட்டால் அது சீக்கிரம் கலைந்துவிடும்.

ஆட்களை எதிரிக் கப்பலுக்கு அனுப்பும் டெலிபோர்ட்டர் (90) மான்டிஸ் அல்லது ராக் இன ஆட்கள் இரண்டு பேராவது கிடைத்தால் மட்டும். மனிதர்களை அனுப்பினால் திரும்பி வருவது சந்தேகம்.

ஸ்கிராப் ரெக்கவரி ஆர்ம் பற்றி முடிவில்லாத சண்டை ஒன்று நடக்கிறது. விலை 50, வரும் ஸ்கிராப்பில் 10 சதவீதம் கூடுதல். பிற்பாடு 25-க்கு விற்கலாம் என்பதால் 250 ஸ்கிராப் சேர்த்தாலே முதல் திரும்பிவிடும். கணக்கு சரிதான். ஆனால் அதே 50-தான் ஷீல்டின் இரண்டாவது அடுக்குக்கான மெனு விலை. முதல் செக்டாரில் லாபம் பார்க்க வாங்கி, இரண்டாவதில் ஹல்லை ரிப்பேர் செய்தே அதைச் செலவழிப்பவர்கள்தான் அதிகம். இரண்டு அடுக்கு ஏற்கெனவே இருந்து, ஆட்டம் இன்னும் பாதியைத் தாண்டவில்லை என்றால் வாங்கலாம்.

எட்டாவது செக்டார்

ஃபிளாக்‌ஷிப் என்ற கடைசி எதிரிக் கப்பலுக்கு 4 அடுக்கு. அதற்கு எதிரே உங்களிடம் 4 அடுக்கு, அல்லது 3 அடுக்கும் கிளோக்கும் இருக்க வேண்டும். ஒரு வாலியில் ஏழெட்டு குண்டாவது போகாவிட்டால் ஹேக்கிங் இல்லாமல் உள்ளே இறங்க முடியாது.

ஈஸி, நார்மல் நிலைகளில் அதன் நான்கு ஆயுதமும் தனித்தனி அறைகளில், கப்பலின் மற்ற பகுதியோடு வழியில்லாமல் இருக்கின்றன. மூன்று குண்டு விடும் மிசைல் அறைதான் முதல் இலக்கு, ஏனென்றால் அதை உங்கள் ஷீல்ட் தடுக்காது. டெலிபோர்ட்டர் இருந்தால் அங்கே இருவரை இறக்குங்கள். உள்ளே இருப்பவன் தனி ஆள், உதவிக்கு யாரும் வர முடியாது. அவனை முடித்து ஆயுதத்தை உடைத்தால் பழுதுபார்க்க ஆள் இல்லை. மூன்று கட்டங்களாக நடக்கும் இந்தச் சண்டையில் முதல் கட்டத்தில் இறந்தவர்கள் அடுத்த கட்டங்களிலும் வர மாட்டார்கள் என்பதால் நேரம் எடுத்து ஆட்களைக் குறைப்பது நல்லது. ஆனால் எல்லோரையும் கொன்றுவிடாதீர்கள். கடைசி ஆளும் போனால் கப்பலை ஏஐ எடுத்துக்கொண்டு தானே பழுது பார்க்கத் தொடங்கும். லேசர் அறையில் இருப்பவனை உயிரோடு விட்டுவிடுவது பழைய வழக்கம்.

இரண்டாம் கட்டத்தில் பவர் சர்ஜ் எனும் சிறப்புத் தாக்குதல் வரும்போது ட்ரோன்கள் மொய்க்கும், மூன்றாவதில் லேசர் மழை. திரையில் எச்சரிக்கை வந்ததும் கிளோக்கைத் தயாராக வைத்திருங்கள், குண்டுகள் கிளம்பிய பிறகு அழுத்துங்கள். மூன்றாம் கட்டத்தில் ஸோல்டன் ஷீல்ட் என்ற கூடுதல் கவசம் அந்தக் கப்பலைச் சுற்றி இருக்கும். அது கரையும்வரை மிசைல், ஹேக்கிங், டெலிபோர்ட்டர் எதுவும் உள்ளே போகாது. அதனால் அங்கே மட்டும் வாலிக்குக் காத்திருக்க வேண்டாம். தயாரான ஆயுதத்தை அப்போதைக்கப்போதே சுட்டுக் கரைத்துவிட்டு, பிறகு பழைய முறைக்குத் திரும்புங்கள். மிசைலை மட்டும் ஸோல்டன் ஷீல்ட் போன பிறகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.