பிரெஞ்சில் கூடக் குறைய ஒப்பிடுவது: 'ஓஸி'யா, 'ஒத்தான்'ஆ?

பிரெஞ்சு கற்க ஆரம்பித்த நம்மவர்கள் இடறும் இடங்களில் இது ஒன்று, அதற்குக் காரணம் தமிழேதான். "என் அளவுக்கு உயரம்" என்றாலும் "என் அளவுக்குப் புத்தகம் வைத்திருக்கிறாள்" என்றாலும் நமக்கு ஒரே 'அளவுக்கு' போதும். பிரெஞ்சில் போதாது.

முதலில், எதை ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். உயரமான, அழகான என்று பண்பைச் சொல்லும் சொல் என்றால் சமத்துக்கு 'ஓஸி'. பணம், புத்தகம், தண்ணீர் மாதிரி பெயர்ச்சொல் என்றால் 'ஒத்தான்' (தமிழ் 'ஒத்த'வை நினைத்துக்கொண்டால் மறக்காது). பெயர்ச்சொல்லில் அதிகத்துக்கு 'ப்ளூஸ்', குறைவுக்கு 'முவேன்'.

அடுத்து, பெயர்ச்சொல்லை ஒப்பிடும்போது மட்டும், ஒத்தான், ப்ளூஸ், முவேன் இவற்றை ஒட்டி 'த' போடுங்கள், 'பந்தம்' என்பதில் வரும் த மாதிரி மெலிதாக. பெயர்ச்சொல் பன்மையாக இருக்கிறதே என்று 'தே' ஆக்கிவிடாதீர்கள், ஆரம்பத்தில் எல்லோரும் செய்கிற தப்பு அதுதான்.

அப்புறம் நம் 'விட'வுக்குப் பதிலாக 'க'. தமிழில் "லியோனை விட" என்று முதலிலேயே சொல்லிவிடுவோம், அங்கே அது கடைசியில் வரும். பாரிஸ் மெட்ரோவில் 16 தடங்கள், லியோனில் 4, மார்செய்யிலும் லீலிலும் தலா 2. ஆகவே:

பாரி ஆ ப்ளூஸ் த லீஞ் த மெத்ரோ க லியோன்.
லியோன் ஆ முவேன் த லீஞ் த மெத்ரோ க பாரி.
மார்செய் ஆ ஒத்தான் த லீஞ் த மெத்ரோ க லீல்.

'லீஞ்' என்றால் தடம். பின்னால் உயிரெழுத்து வந்தால் ஒட்டிக்கொள்ளும்: தண்ணீர் 'ஓ', எனவே 'ப்ளூஸ் தோ'. 'க'வும் அப்படித்தான், 'அவளை விட' என்பது 'கெல்'. 'என்னை விட', 'உன்னை விட' என்பதற்கு 'க முவா', 'க துவா'.

எண் வந்தால் கதை வேறு. 10 யூரோவுக்கு மேல் என்பதற்கு 'ப்ளூ த தீஸ் எரோ', இங்கே ஸ் ஒலிக்காது, 'க'வும் வராது. 'ப்ளூ க தீ மினூத்' என்றால் இன்னும் 10 நிமிடம்தான் பாக்கி என்று அர்த்தம் மாறிவிடும்.

அந்த ஸ் பற்றி ஒரு வார்த்தை. எழுத்தில் எப்போதும் இருக்கும், பெயர்ச்சொல்லை ஒப்பிடும்போது சிலர் சொல்வார்கள், சிலர் விட்டுவிடுவார்கள், ஆனால் நீங்கள் சொல்லிவிடுவதுதான் நல்லது. ஏனென்றால் 'இனி இல்லை' என்ற எதிர்மறைக்கும் இதே சொல்தான், 'ந ... ப்ளூ' என்று ஸ் ஒலிக்காமல் வரும். பேச்சில் அந்த 'ந'வை விழுங்கிவிடுவது பிரெஞ்சுக்காரர்களின் வழக்கம், அதனால் 'ஜெ ப்ளூஸ் த பேன்' என்றால் என்னிடம் ரொட்டி அதிகம், 'ஜெ ப்ளூ த பேன்' என்றால் ரொட்டி தீர்ந்துவிட்டது!