கயாக்குக்கு ஒரு சங்கிலி வால்
அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஓடும் ஷெனாண்டோவா மாதிரி ஆறுகளில், கயாக் என்ற ஒடுக்கமான சிறு துடுப்புப் படகில் மிதந்தபடி ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீனைப் பிடிப்பதில் ஒரு தொல்லை. தூண்டிலை வீசி முடிப்பதற்குள் நீரோட்டம் நல்ல இடத்தைத் தாண்டி இழுத்துப் போய்விடும்.

இரண்டடி இரும்புச் சங்கிலியைப் பழைய சைக்கிள் டியூபுக்குள் நுழைத்து, கயாக்கின் பின்முனையில் கயிற்றால் கட்டி ஆற்றின் அடித்தரையில் இழுபட விடுங்கள். வேகம் குறையும், கல்லில் உரசும் சத்தமும் அடங்கும். பக்கவாட்டில் மட்டும் கட்டவே கூடாது. பாறையிடுக்கில் சிக்கினால் கயாக் கவிழ்ந்துவிடும். கயிற்றை அறுக்கக் கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நீர் வேகமாக இறங்கும் இடம் வருகிறதா, சங்கிலியை முன்பே தூக்கிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம், பாறைக்குக் கீழ்ப்பக்கம் நீர் சுழன்று அடங்கும் ஓரத்தில் வீசிப் பாருங்கள். ஓட்டத்தில் வரும் இரைக்காக பாஸ் பெரும்பாலும் அங்கேதான் ஒதுங்கி நிற்கும்.