கேமிங் மவுஸ் செட்டப்: மலையகத்தில் அதிகம் நடக்கும் தவறுகள்

கேமிங் மவுஸ் வாங்கியவுடன் பலரும் அதன் மென்பொருளை இன்ஸ்டோல் செய்து, லைட்டின் நிறத்தை மாற்றி, டிபிஐயை (மவுஸின் வேக அளவை) மேலே ஏற்றிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரம் போனதும் "மவுஸ் ஓடுது, ஆனா குறிதான் விழுறதில்ல" என்ற முறைப்பாடு வரும். மவுஸில் பெரும்பாலும் குறை இருக்காது. மென்பொருள் எப்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நினைப்பில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. மென்பொருளைத் திறக்க வேண்டும், தேவையான அளவுகளை மவுஸுக்குள்ளேயே பதிய வேண்டும், மூடிவிட வேண்டும். ஒரே லெப்டொப்பை வீட்டில் மூன்று பேர் பாவிக்கும்போதும், டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும்போதும், மழை தொடங்கினால் கரண்ட் போகும் ஊரில் இருக்கும்போதும் இந்த முறை இன்னும் அதிகமாக உதவும்.

டவுன்லோட் செய்வதற்கு முன்

லொஜிடெக்குக்கு ஜி ஹப், ரேசருக்கு சினப்ஸ், கோர்சேருக்கு ஐகியூ, ஸ்டீல்சீரிஸுக்கு ஜிஜி. இந்த நான்கிலும் குழப்பம் குறைவு. ரெட்ராகன், ஃபேன்டெக் போன்ற விலை குறைந்த மவுஸ்களில்தான் கவனம் தேவை. அவற்றில் பெரும்பாலும் ஒவ்வொரு மொடலுக்கும் தனித்தனி மென்பொருள் இருக்கும். பெயரில் ஓரெழுத்து மாறினாலும் "டிவைஸ் இல்லை" என்று காட்டிவிடும். மவுஸைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள மொடல் இலக்கத்தைப் பாருங்கள். அதே இலக்கத்தை உற்பத்தி நிறுவனத்தின் தளத்தில் மட்டும் தேடுங்கள். ட்ரைவர் தருவதாகச் சொல்லும் வேறு தளங்கள் வேண்டாம்.

ஜி ஹப், சினப்ஸ் இரண்டிலும் முதலில் இறங்குவது ஒரு சிறிய ஃபைல்தான். அதை ஓடவிட்டால் மீதி நூற்றுக்கணக்கான எம்பி பின்னால் இறங்கும். போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்பவர்கள் "சின்ன ஃபைல்தானே" என்று ஏமாறுவது இங்கேதான். இன்ஸ்டோல் முடிந்ததும் விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்ட் கனெக்ஷன்' (டேட்டா அளவோடு செலவாகும் இணைப்பு) ஆக மாற்றுங்கள். மென்பொருளின் செட்டிங்கில் தானியங்கி அப்டேட்டை நிறுத்த வழி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். முன்பு வேறு பிராண்ட் மவுஸ் பாவித்திருந்தால் அதன் மென்பொருளை நீக்கிய பிறகே புதியதைப் போடுங்கள். இரண்டும் ஒன்றாக ஓடினால் பழைய கம்பியூட்டருக்கு வீண் சுமை.

டிபிஐ: பெரிய எண்ணில் ஒன்றும் இல்லை

மென்பொருளைத் தொடுவதற்கு முன் விண்டோஸைச் சரிசெய்யுங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், புளூடூத் அன்ட் டிவைசஸ், மவுஸ், அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ் என்று போனால் சிறிய ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் பொயின்டர் ஒப்ஷன்ஸ் பகுதியில் 'என்ஹான்ஸ் பொயின்டர் பிரிசிஷன்' என்பதில் உள்ள சரியடையாளத்தை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் கையை வேகமாக அசைக்கும்போது கர்சர் கூடுதல் தூரமும், மெதுவாக அசைக்கும்போது குறைந்த தூரமும் போகும். ஒரே தூரத்துக்கு ஒரே அசைவு என்ற பழக்கம் கைக்கு வரவே வராது. வேகத்துக்கான பட்டை 11 படி கொண்டது. அதை நடுவில், அதாவது 6ஆவது படியில் வையுங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 (சிஎஸ் 2) போன்ற கேம்கள் மவுஸின் அசைவை நேரடியாக வாசிப்பதால் அவற்றுக்குள் இந்த மாற்றம் தெரியாது. பழைய கேம்களிலும் டெஸ்க்டொப்பிலும் நன்றாகத் தெரியும்.

அடுத்தது டிபிஐ. மவுஸ் ஓர் அங்குலம் நகரும்போது எத்தனை எண்ணிக்கைகளைக் கம்பியூட்டருக்கு அனுப்புகிறது என்பதே இது. பெட்டியில் 12,000 என்று பெரிதாக அச்சிட்டிருப்பதால் அந்த எண்ணில் விளையாட வேண்டும் என்றில்லை. மலிவான மவுஸ்களில் அந்த எண்ணின் உச்சப்பகுதி சென்சர் உண்மையில் காண்பதும் அல்ல, இடையில் கணக்கிட்டு நிரப்புவது. 800 அல்லது 1600 போதும்.

கேமில் உணரப்படும் வேகம் டிபிஐயும் கேமின் சென்சிடிவிட்டியும் (கேமின் செட்டிங்கில் உள்ள வேக எண்) சேர்ந்தது. வலோரண்ட் என்ற துப்பாக்கிக் கேமில் 800 டிபிஐ, 0.35 சென்சிடிவிட்டி என்றால் பெருக்கல் 280. 400இல் 0.7 வைத்தாலும், 1600இல் 0.175 வைத்தாலும் அதே 280தான். மென்பொருளில் டிபிஐயை இரட்டிப்பாக்கினால் கேமில் சென்சிடிவிட்டியைப் பாதியாக்க வேண்டும். இதை மறந்துவிட்டு "புது மவுஸ் கைக்குப் பிடிபடல" என்று சொல்பவர்கள் ஏராளம். கேம் மாறும்போதும் கணக்கு உண்டு: வலோரண்ட் எண்ணை 3.18ஆல் பெருக்கினால் சிஎஸ் 2க்கான எண் கிடைக்கும்.

இனி, பெரிய வீரர்களின் எண்ணை அப்படியே எடுத்துப் போடும் பழக்கம். மேலே சொன்ன 280இல் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸை ஏறத்தாழ 46.6 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். அவர்கள் விளையாடுவது அகலமான மவுஸ் பேட்டில், முழங்கையை வைக்க இடமுள்ள மேசையில். நம் வீடுகளில் பெரும்பாலும் படிக்கும் மேசையின் ஒரு மூலைதான் கிடைக்கும். பேட் 25 சென்டிமீட்டர் அகலம், மவுஸ் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு ஓடக் கிடைப்பது ஒன்பதரை சென்டிமீட்டர்தான். 46.6 கணக்கில் அந்தத் தூரத்தில் 73 பாகை மட்டுமே திரும்பலாம். பின்னால் ஒருவன் வந்தால் மவுஸைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியதுதான். அதே பேட்டில் குறைந்தது 90 பாகையாவது ஒரே இழுப்பில் திரும்ப வேண்டுமானால் முழுச் சுற்று 38 சென்டிமீட்டராக வேண்டும். 800 டிபிஐயில் அதற்கான சென்சிடிவிட்டி 0.43. பாடசாலை அடிமட்டம் ஒன்றை பேட்டின் ஓரத்தில் வைத்து இதைச் சரிபார்க்கலாம். கேமில் ஒரு சுவர்மூலையைக் குறிபார்த்து நின்று, கால் சுற்றுத் திரும்ப எத்தனை சென்டிமீட்டர் ஆகிறது என்று அளந்து, நான்கால் பெருக்குங்கள்.

டிபிஐ மாற்றும் பட்டன் ஸ்கிரோலுக்குப் பின்னால் இருப்பதால் அவசரத்தில் விரல் படும். மென்பொருள் வரும்போதே நாலைந்து படிகளை வைத்திருக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். இதைச் செய்தாலே பாதி எரிச்சல் போய்விடும்.

மாற்றம் எங்கே பதிகிறது?

மிகப் பெரிய தவறு இதுதான். மென்பொருளில் செய்த மாற்றம் கம்பியூட்டரில் மட்டும் இருக்கலாம், மவுஸுக்குள்ளும் போயிருக்கலாம். கம்பியூட்டரில் மட்டும் இருந்தால் மென்பொருள் மூடியதும் மவுஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நெட் கபேக்கு மவுஸை எடுத்துப் போகிறவர்களுக்கு இது உடனே தெரியும். அங்கே மென்பொருளை இன்ஸ்டோல் செய்ய விடமாட்டார்கள், விட்டாலும் ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் அழிந்துபோகும் வகையில் பல கடைகளில் கம்பியூட்டர்களைப் பூட்டி வைத்திருப்பார்கள்.

ஜி ஹப்பில் மவுஸின் பக்கத்துக்குப் போய் 'ஒன்போர்ட் மெமரி மோட்' என்பதை இயக்க வேண்டும். அது அணைந்திருக்கும்வரை மென்பொருளின் ப்ரொஃபைல்தான் (சேமித்த அளவுகளின் தொகுப்பு) ஆளும். மற்ற பிராண்டுகளில் ப்ரொஃபைலை மவுஸுக்குள் இருக்கும் ஒன்போர்ட் நினைவகத்துக்கு அனுப்ப வேண்டும். எல்லா மொடலிலும் இந்த வசதி இல்லை. ஆகவே வாங்கும்போதே கடையில் கேளுங்கள். லைட் எஃபெக்ட்களிலும் மெக்ரோக்களிலும் (ஒரே அழுத்தில் பல செயல்களை ஓடவிடும் பதிவுகள்) சில மவுஸுக்குள் பதியாது. டிபிஐ, போலிங் ரேட் (செக்கனுக்கு எத்தனை தடவை மவுஸ் தகவல் அனுப்புகிறது என்ற அளவு), பட்டன்கள் பதிந்தால் போதுமானது.

சோதிக்கும் வழி எளிது. திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஐகனில் ரைட் கிளிக் செய்து மென்பொருளை முழுதாக மூடுங்கள். எக்ஸ் அழுத்தினால் அது மறைந்துகொள்ளும், மூடாது. பிறகு மவுஸைக் கழற்றி, அந்த மென்பொருள் இல்லாத வேறொரு கம்பியூட்டரில் செருகி, பக்கப் பட்டன்களையும் கர்சரின் வேகத்தையும் பாருங்கள். அங்கேயும் உங்கள் அளவே இருந்தால் வேலை முடிந்தது. வீட்டுக் கம்பியூட்டரில் ஸ்டார்ட்டப் பட்டியலிலிருந்து மென்பொருளை எடுத்துவிடலாம்.

ஒவ்வொரு கேமுக்கும் தனி ப்ரொஃபைல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் வரும். கேம் திறந்ததும் ப்ரொஃபைல் தானாக மாறி, டெஸ்க்டொப்பில் மாற்றிய டிபிஐ கேமுக்குள் வேலை செய்யாது. எந்த ப்ரொஃபைலைத் திருத்துகிறோம் என்று மேலே எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள். கேமை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆகத் திறந்திருந்தால் மென்பொருள் அனுப்பும் மெக்ரோ அதற்குள் நுழையாமல் போகலாம். மென்பொருளையும் அப்படியே திறக்க வேண்டும்.

போலிங் ரேட்டும் டொங்கிளும்

125 ஹேர்ட்ஸில் மவுஸ் 8 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை தகவல் அனுப்பும். 1000இல் 1 மில்லிசெக்கன். கூடுதலாகக் கிடைப்பது 7 மில்லிசெக்கன்தான். நல்லதுதான், ஆனால் சிங்கப்பூர், மும்பை சர்வர்களுக்குப் போய்வரும் பிங்கை அது குறைக்காது. 4000, 8000 என்று வரும் புதிய மவுஸ்களில் உச்சத்தை வைத்தால், அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கப்படும் பழைய கம்பியூட்டர்கள் திணறி கேம் விட்டுவிட்டு ஓடும். 1000இல் தொடங்குங்கள். அதிலும் விக்கினால் 500. ஜி304 போன்ற ஏஏ பெட்டரி மவுஸ்களில் எண்ணைக் குறைத்தால் பெட்டரியும் அதிக நாள் வரும்.

வயர்லெஸ் மவுஸ் திடீரென்று தாவினால் டிபிஐயைக் குற்றம் சொல்ல வேண்டாம். மவுஸோடு வந்த சிறிய யூஎஸ்பி டொங்கிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். யூஎஸ்பி 3 போர்ட்டில் பென் டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ ஓடும்போது எழும் மின் இரைச்சல், இந்த மவுஸ்கள் பாவிக்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் விழும். இன்டெல் நிறுவனமே இதை 2012இல் விளக்கி அறிக்கை வெளியிட்டது. நம் மேசைகளில் அதே இடத்தில் இன்டர்நெட் டொங்கிளும் வைஃபை ரூட்டரும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். ஒரு யூஎஸ்பி நீட்சி வயர் வாங்கி, மவுஸின் டொங்கிளை பேட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் அளவில் கொண்டுவந்து வையுங்கள். ரூட்டரை அப்பால் தள்ளுங்கள்.

ஈரமும் மின்னலும்

துணி பேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மேற்குச் சரிவில் இருக்கும் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரையும், பதுளைப் பக்கம் டிசம்பரை ஒட்டியும் பேட் கனத்து, மவுஸ் இழுபடும். வெயில் காலத்தில் பழகிய அளவு அப்போது மெதுவாகத் தோன்றும். சென்சிடிவிட்டியை ஏற்றாதீர்கள், பேட்டைக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். கடினப் பரப்புள்ள பேட் இந்தக் காலநிலைக்கு நன்றாகப் பொருந்தும். பேட் மாற்றினால் மென்பொருளில் சர்ஃபேஸ் கலிப்ரேஷன் (பேட்டின் பரப்புக்கு ஏற்ப சென்சரைச் சரிசெய்வது) இருக்குமானால் அதைப் புதிய பேட்டில் மறுபடி செய்யுங்கள். லிஃப்ட் ஓஃப் அளவை, அதாவது எவ்வளவு உயரம் தூக்கினால் சென்சர் வாசிப்பதை நிறுத்தும் என்பதை, குறைந்ததில் வையுங்கள். பேட் சிறியது என்றால் அடிக்கடி தூக்கி வைப்பீர்கள், அப்போது குறி நழுவாது.

நுவரெலியாவின் காலைக் குளிரில் சென்சரின் கண்ணாடியில் பனிப்படலம் படிந்து கர்சர் நடுங்கலாம். அதை வாயால் ஊதினால் இன்னும் ஈரம்தான் சேரும். உலர்ந்த பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்து, சில நிமிடம் அறைச்சூட்டில் விடுங்கள்.

ஃபெர்ம்வெயார் (மவுஸுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் மட்டும் அவசரத்தில் செய்யக்கூடாது. நடுவில் கரண்ட் போனால் மவுஸ் இயங்காமலே போகலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரத்தில் இடியோடு மழை வரும். அப்டேட்டைக் காலையில் வையுங்கள். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பை விட, முழுதாக சார்ஜ் ஏறிய லெப்டொப் நல்லது. வயர்லெஸ் மவுஸையும் வயரில் செருகி, இடையில் யூஎஸ்பி ஹப் எதுவும் இல்லாமல் நேரடி போர்ட்டில் செய்யுங்கள். லெப்டொப் ஸ்லீப் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது எந்தப் பிரச்சினையும் இல்லையென்றால் அப்டேட்டுக்கு அவசரம் இல்லை.

மெக்ரோ

ஒரு பட்டனுக்கு ஒரு விசை என்று மாற்றுவது பெரும்பாலும் பிரச்சினை தராது. ஒரு பட்டனை அழுத்தினால் துப்பாக்கி தானாகக் கீழே இழுபடும் வகை மெக்ரோ வேறு விடயம். அதனால் எக்கவுண்டே பறிபோகலாம். 2024 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் சிஎஸ் 2இல் ஒரே அழுத்தில் பல செயல்களைச் செய்யும் தானியங்கி உள்ளீடுகளைத் தன் சர்வர்களில் தடைசெய்தது. வாங்கிய ஸ்கின்களோடு (துப்பாக்கிகளுக்கான அலங்காரங்கள்) எக்கவுண்டை இழக்கும் அளவுக்கு எந்த மெக்ரோவும் பெறுமதியானதல்ல.

கலியாண அல்பம் செய்யும் ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்த மவுஸ் மிக நல்ல கருவி. பக்கப் பட்டனில் கன்ட்ரோல் இசட்டும், அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும் டிபிஐயை 400க்கு இறக்கும் வசதியும் வைத்தால் முகத்தைச் சுற்றி வெட்டுவது இலகுவாகும். ஆனால் எழுத்துகளைத் தட்டிப் பதிந்த மெக்ரோக்களில் கவனம். ஆங்கில விசைப்பலகையில் பதிந்த மின்னஞ்சல் முகவரி, விண்டோஸில் தமிழ் விசைப்பலகை ஓடும்போது தமிழ் எழுத்துகளாகக் கொட்டும். மென்பொருளில் 'டெக்ஸ்ட்' என்று தனி வகை இருந்தால் அதைப் பாவியுங்கள்.

ஒரு கிளிக் இரண்டாக விழுந்தால்

மென்பொருளில் 'டிபவுன்ஸ் டைம்' என்று ஓர் அளவு இருந்தால் அது 2 மில்லிசெக்கன் போன்ற குறைந்த எண்ணில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்விட்சின் உலோகத் தகடு ஒவ்வோர் அழுத்திலும் சற்றுத் துள்ளும். காத்திருக்கும் நேரம் மிகக் குறைவென்றால் அந்தத் துள்ளலும் இரண்டாவது கிளிக்காக எண்ணப்படும். 8க்கு ஏற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் மென்பொருளோடு போயிற்று. 12க்கு மேல் ஏற்றியும் நிற்கவில்லையென்றால் ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது அல்லது ஈரத்தில் தொடுமுனை கறுத்திருக்கிறது. மென்பொருளால் அதற்கு மருந்து இல்லை. பெரும்பாலான மவுஸ்களில் திருகாணிகள் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பாதங்களுக்குக் கீழே இருக்கும். அவற்றைக் கிளப்பினால் கடைக்காரர் வாரண்டி தரமாட்டார். முதலில் பில்லை எடுத்துத் திகதியைப் பாருங்கள்.