இண்டி ராக் ஆல்பங்களைத் தேடிப் பிடித்து, தரவிறக்கிச் சேர்ப்பது எப்படி?

ஸ்ட்ரீமிங் செயலியில் "இண்டி ராக்" என்று தட்டினால் நீளமான ஒரு பிளேலிஸ்ட் வந்து நிற்கும். இரண்டு மணி நேரம் ஓடவிட்டாலும் எந்தப் பாட்டு யாருடையது என்று மனதில் தங்காது. பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல், சொந்தமாகவோ சின்ன லேபிள்கள் (இசை வெளியீட்டு நிறுவனங்கள்) மூலமாகவோ வெளிவந்த ராக் இசைக்குத்தான் முதலில் இந்தப் பெயர் வந்தது. அதனால் தேடலையும் லேபிளிலிருந்து தொடங்குவதுதான் சரி என்பது என் கட்சி. பாட்டுக்குப் பாட்டு தாவாமல், முழு ஆல்பமாகக் கேட்டு, பிடித்ததைக் காசு கொடுத்துத் தரவிறக்கி வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கான பதிவு இது.

படி 1: ஒரு லேபிளைத் தேர்ந்தெடுங்கள்

சின்ன லேபிளை நடத்துபவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்ததைத்தான் வெளியிடுவார்கள். ஆகவே அந்த லேபிளில் ஒரு ஆல்பம் பிடித்துவிட்டால், அடுத்ததும் பிடிக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கிட்டார் ஒலி மணிபோலத் துள்ள வேண்டுமா? நியூசிலாந்தின் ஃபிளையிங் நன் லேபிளுக்குப் போங்கள். 1981-ல் கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கியது. டனீடின் நகரத்து இசைக்குழுக்களை உலகத்துக்குக் காட்டியது. முரட்டுத்தனமும் வேகமும் வேண்டுமென்றால் வாஷிங்டனின் டிஸ்கார்ட், 1980-லிருந்து இருக்கிறது. இனிமையான மெட்டும் இரைச்சலும் கலந்து வேண்டுவோருக்கு 1989-ல் பிறந்த ஸ்லம்பர்லேண்ட். அதே ஆண்டு வட கரோலினாவில் தொடங்கிய மெர்ஜ், ஒரு இசைக்குழுவின் உறுப்பினர்கள் இருவர் தங்கள் பாடல்களையும் நண்பர்களின் பாடல்களையும் வெளியிட ஆரம்பித்தது. எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் மெர்ஜ் நல்ல தேர்வு, ஏனென்றால் அங்கே எல்லா வகையும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும்.

ஒரே ஒரு லேபிள் போதும். ஐந்தைத் திறந்து வைத்தால் எதையும் ஒழுங்காகக் கேட்க மாட்டீர்கள்.

படி 2: பேண்ட்கேம்பில் கணக்கு தொடங்குங்கள்

2008-ல் தொடங்கிய இந்தத் தளத்தில்தான் இண்டி உலகின் பெரும்பகுதி கடை விரித்திருக்கிறது. வாங்குவதற்கு முன்பே பெரும்பாலான ஆல்பங்களைக் கேட்டுப் பார்க்கலாம். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம்; விற்பனை ஓரளவைத் தாண்டிய கலைஞர்களுக்கு 10 சதவீதம். கட்டணம் செலுத்தும் செலவு போக, மீதி கலைஞருக்கோ லேபிளுக்கோ போய்விடும்.

இங்கே தேட இரண்டு வழிகள். ஒன்று, டேக், அதாவது ஆல்பத்தோடு ஒட்டியிருக்கும் அடையாளச் சொல். "ஷூகேஸ்", "போஸ்ட்-பங்க்", "ஸ்லோகோர்", "மேத் ராக்" என்று வகைப் பெயரைச் சொடுக்கிப் பாருங்கள். ஊர்ப் பெயரையும் டேகாகப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது, பலரும் கவனிக்காமல் விடுவது. ஆல்பம் பக்கத்தில், அதை வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். சிலர் ஓரிரு வரி விமர்சனமும் எழுதி, பிடித்த பாட்டையும் குறிப்பிட்டிருப்பார்கள். உங்களுக்குப் பிடித்த, அதிகம் பேர் அறியாத ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு, அதை வாங்கிய ஒருவரின் படத்தைச் சொடுக்குங்கள். அவருடைய முழுச் சேகரிப்பும் திறக்கும். ஆயிரம் ஆல்பம் வைத்திருப்பவரைவிட ஐம்பது வைத்திருப்பவரின் பட்டியல்தான் உபயோகமானது, பொறுக்கி எடுத்திருப்பார். அவரைப் பின்தொடர்ந்தால், அடுத்து அவர் வாங்குவதும் உங்கள் பக்கத்தில் வந்துவிடும். எந்த அல்காரிதமும் இவ்வளவு பொருத்தமாகப் பரிந்துரைத்து நான் பார்த்ததில்லை.

படி 3: கேட்டுவிட்டு, விருப்பப் பட்டியலில் போடுங்கள்

உடனே வாங்க வேண்டாம். பிடித்ததை விருப்பப் பட்டியலில் சேர்த்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள். அப்போதும் முழுதாகக் கேட்கத் தோன்றினால் வாங்கலாம். பேண்ட்கேம்ப் வெள்ளி என்று ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காலத்தில் தொடங்கியது. அந்த நாளில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுத்துவிடும். பட்டியலைத் தூசி தட்ட அது நல்ல நாள்.

படி 4: வாங்குங்கள்

அட்டை அல்லது பேபால் போதும். சில ஆல்பங்களுக்கு "நீங்களே விலை சொல்லுங்கள்" என்றிருக்கும். குறைந்தபட்சம் பூஜ்யம் என்றால் இலவசமாகவே எடுக்கலாம். ஆனால் பூஜ்யம் போட்டு எடுத்தது உங்கள் சேகரிப்புப் பக்கத்தில் சேராது. சிறு தொகையாவது கொடுத்தால் அங்கே போய் மறுபடி தரவிறக்கிக்கொள்ளலாம், கலைஞருக்கும் ஏதாவது போய்ச் சேரும்.

பேண்ட்கேம்பில் இல்லாத ஆல்பம் என்றால் கோபஸ் (Qobuz) தரவிறக்கக் கடையில் தேடிப் பாருங்கள்.

படி 5: எந்த வடிவம்?

தரவிறக்கும்போது எம்பி3, ஃபிளாக், ஏலாக், வேவ் என்று ஒரு பட்டியல் வரும். ஃபிளாக்கை எடுங்கள். ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் வடிவம் அது. பின்னால் இடம் போதவில்லை என்றால் அதிலிருந்து எம்பி3 செய்துகொள்ளலாம். எம்பி3-ஐ ஃபிளாக் ஆக்கினால் கோப்புதான் பெருக்கும், போன ஒலி திரும்பாது. ஐபோன், மேக் ஆகியவற்றின் மியூசிக் செயலி ஃபிளாக்கை ஏற்காது, அங்கே ஏலாக், அதேபோல ஒலி இழக்காத ஆப்பிளின் வடிவம்.

அளவு? 40 நிமிட ஆல்பம் விநாடிக்கு 320 கிலோபிட் எம்பி3-யில் சுமார் 96 மெகாபைட் வரும். ஃபிளாக்கில் ஏறக்குறைய அதைப்போல மூன்று மடங்கு. ஆக, நூறு ஆல்பம் என்றாலும் ஒரு சாதாரண பென் டிரைவில் அடங்கிவிடும். ஒலி வித்தியாசம் காதில் தெரியுமா என்று கேட்டால், பலருக்குத் தெரியாது. சேமித்து வைக்கும் மூலப்பிரதி முழுமையாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் இது.

படி 6: அடுக்கி வையுங்கள்

ஜிப் கோப்பை விரித்து, கலைஞர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் "ஆண்டு - ஆல்பம்" என்று இன்னொன்று. ஆண்டை முன்னால் போட்டால் ஆல்பங்கள் வெளிவந்த வரிசையிலேயே நிற்கும். பாட்டு எண், அட்டைப்படம் எல்லாம் பெரும்பாலும் சரியாகவே வரும். ஏதாவது விடுபட்டிருந்தால் மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் என்ற இலவச மென்பொருள் தன் தரவுத்தளத்தைப் பார்த்து நிரப்பிவிடும். கேட்பதற்கு கணினியில் ஃபூபார்2000, போனில் விஎல்சி. இரண்டும் இலவசம், ஃபிளாக்கும் ஓடும்.

படி 7: இன்னொரு பிரதி

சேகரிப்புப் பக்கத்தில்தான் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். இணையக் கடைகள் கைமாறும். பேண்ட்கேம்பே 2022-ல் எபிக் கேம்ஸிடமும், அடுத்த ஆண்டு சாங்டிரேடரிடமும் போனது. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் முழு ஃபோல்டரையும் நகலெடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறை புது ஆல்பம் வாங்கியதும் அதையும் அங்கே போட்டுவிட்டு, ஒரு பாட்டை அந்த டிஸ்கிலிருந்தே ஓட்டிப் பாருங்கள்.