தானாக உருவான பொதிக் கோப்புகளை அழிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் தலவாக்கலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் உயர்தரம் படிக்கும் மாணவர் ஒருவர், உபுண்டு இயங்குதளம் நிறுவிய தம் பழைய மடிக்கணினியை என்னிடம் கொண்டுவந்தார். இடம் போதவில்லை என்று, தானாக உருவான கோப்புகள்தானே என எண்ணி, ‘வார்’ கோப்புறையின் ‘லிப்’ பகுதியிலிருந்த ‘டிபிகேஜி’ கோப்புறையை முழுவதுமாக அழித்திருந்தார். அதன் பிறகு எதையும் நிறுவவும் முடியவில்லை, நீக்கவும் முடியவில்லை.

தானாக உருவானதெல்லாம் மீண்டும் தானாக உருவாகும் என்று நினைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அதே ‘வார்’ கோப்புறையின் ‘கேஷ்’ பகுதியில் மென்பொருளை இறக்கி நிறுவும் ஏபிடி கருவி சேர்த்துவைக்கும் டெப் பொதிகள், அதாவது மென்பொருளைக் கொண்ட கோப்புகள், நிறுவல் முடிந்தபின் எஞ்சும் பிரதிகளே. ‘ஏபிடி கிளீன்’ கட்டளையால் அவற்றை அகற்றினால் நிறுவிய மென்பொருளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. டிபிகேஜி கோப்புறையோ, எந்தப் பொதி எந்தப் பதிப்பில் இருக்கிறது, அதன் கோப்புகள் எங்கெங்கே உள்ளன என்று எழுதிவைத்த பதிவேடு. கொழுந்துச் சாக்கைக் கொட்டிவிட்டால் நாளை மீண்டும் நிரப்பலாம். தொழிலாளரின் வேலைநாட்களைப் பதியும் செக்ரோல் தொலைந்தால் யாருக்கு எத்தனை பேர் (ஒருநாள் வேலைப் பதிவு) விழுந்தது என்று எங்கே போய்க் கேட்பது?

நல்லவேளையாக, ‘வார்’ கோப்புறையின் ‘பேக்கப்ஸ்’ பகுதியில் டிபிகேஜியின் ‘ஸ்டேட்டஸ்’ கோப்புக்கு ஒரு பிரதி இருந்தது. அதை உரிய இடத்தில் வைத்த பிறகும், கோப்புப் பட்டியல்கள் அழிந்துபோனதால், பொதிகளை ஒவ்வொன்றாக மறுபடி இறக்கி நிறுவ நேர்ந்தது. மாணவர் ஒரு மாதத்துக்கென்று போட்டிருந்த டேட்டா அன்றே தீர்ந்தது. எனக்கு மனம் மிகவும் சங்கடப்பட்டது.

டேட்டாவைக் கணக்கில் எடுக்காததும் ஒரு தவறே. ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கு வேண்டிய பொதிகள் இறங்கும் ‘நோட் மாட்யூல்ஸ்’ கோப்புறையைத் தாராளமாக அழிக்கலாம். ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கட்டளை அதை மீண்டும் கட்டித்தரும். ஆனால் மழை மூடினால் சிக்னல் அறுந்துபோகும் தோட்டக் குடியிருப்பான லயத்தில், பரீட்சைச் செயற்றிட்டத்தை ஒப்படைப்பதற்கு முதல்நாள் இரவு அதை அழிப்பது, பாதுகாப்பானதாயினும் புத்திசாலித்தனமன்று. அத்துடன், தானாக எழுதப்படுகிறது என்பதற்காகப் ‘பேக்கேஜ் லாக்’ கோப்பையும் சேர்த்து அழித்துவிடக் கூடாது. நேற்றுவரை ஒத்துழைத்த பதிப்புகளின் துல்லியமான எண்கள் அதில்தான் உள்ளன. அது இல்லாவிட்டால் வேறு பதிப்புகள் இறங்கி, சரியாக ஓடிய நிரல் நின்றுபோகலாம்.

விண்டோஸில் மறைந்திருக்கும் ‘இன்ஸ்டாலர்’ கோப்புறையிலும் கைவைக்கக் கூடாது. அழித்த அன்று எதுவும் தெரியாது. பல மாதங்கள் கழித்து ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கவோ நீக்கவோ முயலும்போதுதான், அதன் எம்எஸ்ஐ என்னும் நிறுவல் கோப்பைக் காணவில்லை என்று கணினி கேட்கும்.